ஒரே ரிசீவரில் வாட் இருமடங்காகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் இதழின் கேள்வி பதில் பகுதியில் டர்பனை அடுத்த பீனிக்ஸ் பகுதி வாசகர் ஒருவர், தம் வீட்டு ஹோம் தியேட்டரின் முன் ஸ்பீக்கர்களை பை-ஆம்ப் முறையில் இணைக்கலாமா என்று கேட்டிருந்தார். ஏழு ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபையர்களை ஒரே பெட்டியில் கொண்ட ஏழு சேனல் ரிசீவர் ஒன்றில் ஐந்து ஸ்பீக்கர்களை மட்டும் இணைத்திருப்பதாகவும், இரண்டு சேனல்கள் சும்மா கிடப்பதாகவும், முன் ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டு ஜோடி இணைப்பு முனைகள் இருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். தாராளமாக இணைக்கலாம், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 100 வாட்டுக்குப் பதிலாக 200 வாட் கிடைக்கும் என்று விடை அளிக்கப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக டர்பனில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில், அந்த விடையின் முற்பாதியை நிபந்தனையோடு ஏற்கிறேன். பிற்பாதியை ஏற்க இயலவில்லை. அதைவிட முக்கியமாக, அந்த விடையில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு செய்தி ரிசீவரையே பழுதாக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு நீளமான கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

பை-ஆம்ப் என்பது ஒரு ஸ்பீக்கர் பெட்டியிலுள்ள தவில் போன்ற கீழ் ஒலியைத் தரும் வூஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையரும் ஜால்ரா போன்ற மேல் ஒலியைத் தரும் ட்வீட்டருக்கு வேறோர் ஆம்ப்ளிஃபையரும் கொடுப்பது. இவ்வளவு வரை கேட்பவர்களுக்கு, ஒரு வண்டிக்கு ஒரு மாட்டுக்குப் பதில் இரண்டு மாடுகளைப் பூட்டியதுபோல் சக்தி இரட்டிப்பாகும் என்று தோன்றுவது இயல்பே. இந்த எண்ணம் நம்மவர்களிடையே வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். கல்யாண மண்டபங்களிலும் காவடித் திருவிழாக்களிலும் பெரிய ஒலிபெருக்கி அடுக்குகளை அமைப்பவர்கள் பல ஆம்ப்ளிஃபையர்களை ஒரே சட்டத்தில் அடுக்கி வைத்திருப்பதையும், அந்த அமைப்பு மண்டபத்தையே அதிர வைப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னால் ஒரு சிறு பெட்டி இருக்கும். நம் கண்ணில் படாத அதுதான் வேலையின் பாதியைச் செய்கிறது. அது ஆக்டிவ் கிராஸ்ஓவர். பாட்டை முதலிலேயே கீழ் ஒலி, மேல் ஒலி என்று பிரித்துவிட்டு, கீழ் ஒலியை ஓர் ஆம்ப்ளிஃபையருக்கும் மேல் ஒலியை இன்னொன்றுக்கும் அது அனுப்புகிறது. அங்கே ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரும் தன் பங்கை மட்டுமே சுமக்கிறது. இன்று பெரும்பாலும் பயன்படும் கிராஸ்ஓவர் வகைக்குப் பெயர் கொடுத்த லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்களின் ஆய்வு வெளிவந்தது 1976 ஆம் ஆண்டில். நம் தென்னாப்பிரிக்காவிற்குத் தொலைக்காட்சியே அந்த ஆண்டில்தான் வந்தது. ஆகவே இது புதிய தந்திரம் அன்று, நன்றாகத் தேறிய முறை.

வீட்டு ரிசீவரில் பை-ஆம்ப் என்று மெனுவில் தேர்ந்தெடுக்கும்போது நடப்பது வேறு. ரிசீவர் பாட்டைப் பிரிப்பதில்லை. முன் இடது சேனலுக்குச் செல்லும் முழுப் பாட்டையும் அப்படியே படியெடுத்து, கேட்பவரின் முதுகுப்புற ஸ்பீக்கருக்கென வைத்து சும்மா கிடந்த பின் சரவுண்ட் சேனலுக்கும் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிரிக்கும் வேலையை ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் கொண்ட பழைய கிராஸ்ஓவரே செய்கிறது. இதைப் பாஸிவ் பை-ஆம்ப் என்பார்கள். இரண்டு சேனல்களும் முழு அலையையும் பெருக்குகின்றன. மேல் ஒலிக்கென வைத்த சேனலும் தவிலின் அதிர்வைத் தன் வெளிமுனை வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. ட்வீட்டரின் கெப்பாசிட்டர் அதை உள்ளே விடாததால் மின்னோட்டம் மட்டும் பாய்வதில்லை.

இதை நம்பாதவர்கள் ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். நானும் என் மருமகனும் செய்து பார்த்தோம். முன் ஸ்பீக்கர்களுக்குக் கீழ் ஒலி உட்பட முழு ஒலியும் செல்லும்படி மெனுவில் லார்ஜ் என்று வைத்து, 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டோம். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அளவில்தான் மாறுமின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டும் என்பதால் அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தோம். வூஃபர் முனையில் ஏறத்தாழ 4 வோல்ட் காட்டியது. ட்வீட்டர் முனையிலும் அதே 4 வோல்ட்தான். ட்வீட்டரோ, காதை ஒட்ட வைத்தும் மௌனமாகவே இருந்தது. முனையில் வோல்ட் நிற்கிறது, உள்ளே வேலை ஒன்றும் நடக்கவில்லை. மருமகன் சற்று நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஏன் 200 வாட் வராது என்பதற்கான விடையும் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்க ஓர் ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய 28 வோல்ட் தர வேண்டும். அலையின் உச்சியில் அது 40 வோல்ட்டைத் தொடும். அதற்கு மேல் ஏற உள்ளே இருக்கும் மின்வழங்கி இடம் கொடுக்காது. ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், ஒலி கரகரக்கும். இரண்டு சேனல்களும் ஒரே அலையைத் தாங்குவதால், இரண்டும் வால்யூமின் ஒரே இடத்தில் ஒன்றாகத்தான் முட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் பழைய ஒற்றை இணைப்பு முட்டியதோ ஏறக்குறைய அதே இடம்தான் அது. போதாக்குறைக்கு, கீழ் ஒலியால் மேல் சேனலிலும் அலை வெட்டுப்படும்போது உண்டாகும் கூர்மையான உபரி ஒலிகள் நேரே ட்வீட்டருக்குள் நுழைகின்றன. மண்டபத்துக்காரரின் ஆக்டிவ் முறையில் மேல் ஒலி ஆம்ப்ளிஃபையருக்குக் கீழ் ஒலி வந்துசேர்வதே இல்லை என்பதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

மின்னோட்டம் இரண்டாகப் பிரிகிறதே, அதில் பயன் இல்லையா என்று கேட்கலாம். பிரிகிறது, உண்மைதான். ஆனால் பாட்டின் சக்தியில் பெரும்பகுதி கீழ் ஒலியிலும் நடு ஒலியிலும் இருப்பதால், வூஃபர் சேனலின் சுமை சற்றே குறையுமேயொழிய பாதியாகாது. மேலும் ரிசீவரின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஏழு சேனல்களுக்கும் சேர்த்து டிரான்ஸ்பார்மர் ஒன்றே ஒன்றுதான். ஒரு கிணற்றுக்கு இரண்டு கயிறு போட்டால் ஊற்று இரட்டிப்பாகுமா? அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 100 வாட் என்பதும் பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்த அளவே. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் அது எழுதியிருக்கும். சில நிறுவனங்கள் இன்னும் துணிந்து, ஒரே சேனலை, 6 ஓமில், ஒற்றை 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், 10 சதவீதக் கரகரப்போடு அளந்து, பெரிய எண்ணாகப் பெட்டியில் போடுகின்றன. ஏழையும் ஒருசேர இயக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதைவிடக் குறைவு.

சரி, ஒரு பேச்சுக்கு உண்மையிலேயே 200 வாட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருமடங்கு வாட் என்பது, ஒலியை அளக்கும் அலகில் சொன்னால், 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். சென்சிட்டிவிட்டி, அதாவது குறிப்பிட்ட வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 87 டெசிபெல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் உள்ளதை வாங்கினாலே அந்த 3 டெசிபெல் கையில் வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் எங்களில் பலர் குடியிருப்பது அக்காலத்தில் நகராட்சி கட்டிக்கொடுத்த ஒட்டு வீடுகளில். என் வரவேற்பறைச் சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை. இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் வால்யூமைத் தீர்மானிப்பது ஆம்ப்ளிஃபையர் அன்று, அந்தச் சுவரும் அதற்கு அப்பால் இருக்கும் அக்காவின் பொறுமையும்தான். வீட்டில் படம் பார்க்கும்போது ஒரு ஸ்பீக்கருக்குச் சராசரியாகச் செல்வது ஓரிரு வாட் அளவே என்பதும், வெடிச்சத்தம் போன்ற கணநேர உச்சங்களுக்குத்தான் மீதி வாட் கைவசம் இருக்க வேண்டும் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பீனிக்ஸ் வாசகர் தம்மிடம் சிறிய சப்வூஃபர் ஒன்று இருப்பதாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். விடை எழுதியவர் அதைக் கவனிக்கவே இல்லை. என் பார்வையில் அவருடைய கேள்விக்கான விடை அந்தச் சப்வூஃபரில்தான் இருக்கிறது. சப்வூஃபருக்குள் அதற்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபையரும் தனி மின்வழங்கியும் உண்டு. மெனுவில் முன் ஸ்பீக்கர்களை ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், ரிசீவர் பெருக்குவதற்கு முன்பே பாட்டை இரண்டாகப் பிரித்து, 80க்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். முன்கூட்டியே பிரிப்பது, தனி ஆம்ப்ளிஃபையர், தனி மின்வழங்கி என்று மண்டபத்துக்காரரின் ஆக்டிவ் முறைக்கு வேண்டிய மூன்றும் இதில் இருக்கின்றன. அதாவது, அவர் தேடிக்கொண்டிருக்கும் பை-ஆம்ப் ஏற்கெனவே அவர் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்மால் என்ற சொல்லைப் பார்த்து, இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வாங்கிவிட்டுச் சிறியது என்று சொல்வதா என்று தன்மானம் குறுக்கே வந்து, லார்ஜிலேயே வைத்திருப்பவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். ஆம்ப்ளிஃபையருக்கு அதிகச் சுமை தரும் அடிமட்ட ஒலியை முன் சேனல்களிலிருந்து எடுத்துவிட்டால் கிடைக்கும் ஓய்வை, எந்தப் பாஸிவ் பை-ஆம்பும் தராது.

இனி, நான் எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன். இரண்டு ஜோடி முனைகள் உள்ள ஸ்பீக்கர்களில் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைத்து ஜம்பர் என்று சொல்லப்படும் தங்க நிறப் பட்டைகள் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். பை-ஆம்ப் செய்வதற்கு முன் நான்கு பட்டைகளையும், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிவப்புக்கு ஒன்று கறுப்புக்கு ஒன்று என இரண்டிரண்டையும், கழற்றியே ஆக வேண்டும். கழற்றாவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் வெளிமுனைகள் நேருக்கு நேர் பிணைக்கப்பட்டுவிடும். இரண்டின் வோல்ட்டிலும் இம்மியளவு வேறுபாடு இருந்தாலும், இடையே தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் பெரும் மின்னோட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். நல்வாய்ப்பு இருந்தால் ரிசீவர் தற்காப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும். இல்லையேல் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கருகும். என் மருமகனின் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு கடையிலிருந்து வந்தவர்கள், கேபிளுக்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, பட்டைகளைத் தொடாமலேயே இணைத்துவிட்டுப் போனார்கள். படத்தில் சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் ரிசீவர் அணைந்தது. கடையில் கேட்டபோது ரிசீவருக்குச் சக்தி போதவில்லை, பெரியதாக வாங்குங்கள் என்று சொல்லப்பட்டது. நான் போய்ச் செய்ததெல்லாம் ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பி நான்கு பட்டைகளைக் கழற்றியதுதான். அன்றிலிருந்து அது அணையவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. பட்டைகளைக் கழற்றி, கேபிளையும் சரியாக இணைத்துவிட்டு, மெனுவில் மாற்ற மறந்துவிடுவார்கள். டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் ஆம்ப் அசைன் என்றும், யமஹாவில் பவர் ஆம்ப் அசைன் என்றும் அந்தப் பகுதி இருக்கும். அங்கே பை-ஆம்ப் என்று மாற்றாதவரை, ட்வீட்டருக்குப் போவது பின் சரவுண்டின் ஒலியே. சாதாரண ஸ்டீரியோ பாட்டைப் போட்டால் பின் சரவுண்டில் ஒன்றுமே இருக்காது. ஜால்ராவும் சலங்கையும் மறைந்துபோய், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் தலையணைக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்கும். ஒரு ஜோடியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால் அது இன்னும் நயவஞ்சகமானது. எல்லா ஒலியும் வரும், ஆனால் வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்வதால் பாடகரின் குரல் உள்ளீடற்றதாகிவிடும். இணைப்பை மாற்றிய பிறகு மைக்கை வைத்துச் செய்யும் ஆடிஸி, ஒய்ப்பாவோ போன்ற தானியங்கி அளவீட்டை மறுபடியும் ஓட்டுவது நல்லது.

ஆகவே அவர் பை-ஆம்ப் செய்யலாமா? அந்த இரண்டு சேனல்களுக்கும் வேறு வேலை இருக்கிறதா என்பதை வைத்தே நான் முடிவு செய்வேன். கூரையில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பொருத்த இடமும் மனமும் இருந்து, ரிசீவரும் அதற்கு இடம் கொடுத்தால், அந்தச் சேனல்களை தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்குக் கொடுத்து 5.1.2, அதாவது ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், கூரையில் இரண்டு என்று ஆக்கிக்கொள்வது எவ்வளவோ மேல். மழைக் காட்சியில் தலைக்கு மேல் மழை பெய்வதை வீட்டிலுள்ள பாட்டியும் உணர்வார். கூரையில் துளையிட முடியாது, வேறு ஸ்பீக்கரும் வாங்கப்போவதில்லை, வீட்டில் மிச்சக் கேபிள் கிடக்கிறது என்றால், செய்து பார்க்கட்டும். பட்டைகளைக் கழற்றி மெனுவை மாற்றியிருந்தால் தீங்கு ஒன்றும் இல்லை. அதற்காகப் புதிய கேபிள் வாங்கச் செலவழிப்பதைத்தான் நான் தடுப்பேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போய் வருவதற்குள் தரும் தடை 0.07 ஓம் அளவே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு பொருட்டன்று.

செய்து பார்த்துவிட்டு ஒலி தெளிந்துவிட்டது என்று சொல்பவர்களை நான் பொய்யர்கள் என்று கருதவில்லை. ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் தரம் என்று எடுத்துக்கொள்ளும். அரை நாள் ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டு வியர்த்தவருடைய காது இன்னும் தாராளமாகவே நடந்துகொள்ளும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மீட்டரை வைத்து இரண்டு முறைகளிலும் ஒலியளவைச் சமமாக்கி, எது எந்த இணைப்பு என்று தெரியாதபடி ஒருவர் வெளியே நிற்க மற்றவர் இணைப்பை மாற்றி வைக்க, மாறி மாறிக் கேட்டோம். நானும் கண்டுபிடிக்கவில்லை, என்னைவிட முப்பது வயது இளைய காதுகளுடைய மருமகனும் கண்டுபிடிக்கவில்லை.

உண்மையிலேயே சக்தி போதவில்லை என்று தெரிந்தால், ரிசீவரின் பின்புறம், பெருக்குவதற்கு முந்தைய ஒலியை வெளியே தரும் ப்ரீ-அவுட் முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தனி டிரான்ஸ்பார்மர் கொண்ட இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி முன் ஸ்பீக்கர்களை முழுமையாக அதனிடம் ஒப்படைப்பது முறையான வழி. அப்போது பட்டைகள் பூட்டியபடியே இருக்கட்டும். வூஃபருக்குப் புதியது, ட்வீட்டருக்கு ரிசீவர் என்று பங்கிட்டால், இரண்டும் ஒலியைப் பெருக்கும் விகிதம் ஒன்றாக இல்லாதபோது கீழும் மேலும் சமநிலை இழந்துவிடும். நம் ஊரின் நிலைமையில், அதற்கும் முன்பாக மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் ஆறாம் நிலை மின்வெட்டு நடந்தபோது, மின்சாரம் போனதால் கெட்ட ரிசீவர் என் மேசைக்கு வந்ததில்லை. அது திரும்பி வந்த கணத்தில் கெட்டவை எத்தனையோ வந்தன. இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், சதுர வடிவ அலை தரும் மலிவான வகையானால் டிரான்ஸ்பார்மர் முனகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பீனிக்ஸ் வாசகர் தங்கள் விடையைப் படித்த அன்றே கேபிளை இணைத்துவிட்டிருக்கக்கூடும். இக்கடிதம் முழுவதையும் வெளியிட இடம் இல்லாவிட்டாலும், மின்சாரத்தை அணைத்துவிட்டு ஸ்பீக்கர்களின் பின்னாலுள்ள நான்கு பட்டைகளையும் கழற்றிவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரியையாவது அடுத்த இதழில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற ரேடியோ பழுதுபார்ப்பவன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.